ஈயமா, தகரமா? எங்கள் வீட்டு ரசப் பஞ்சாயத்து

டொக்… டொக்… டொக்…

வண்டி ஓடும்போது சாவிக்கொத்தில் தொங்கிய ஈயக்குண்டு ஹேண்டிலில் இடிக்கிற சத்தம். கிணுகிணுவென்று இனிமையாக எல்லாம் இருக்காது. மாமனாரின் மீன்வலையிலிருந்து கழன்று விழுந்த குண்டு அது. கல்யாணமான புதிதில் நான் எங்கே போனாலும் அந்த டொக் டொக்கோடுதான் போனேன்.

என் வீட்டுக்காரருக்கு உலோகப் பைத்தியம். உடனே தங்கம், வெள்ளி என்று கற்பனை பண்ணாதீர்கள்… நான் அவ்வளவு கொடுத்து வைத்தவள் இல்லை. யாரும் கேள்விப்படாத உலோகமாகத் தேடி, கலப்படமில்லாமல் ஒரு துண்டு வாங்கி, குட்டி பாட்டிலில் போட்டு, பேர் எழுதி ஒட்டி அலமாரியில் அடுக்குவார். பிஸ்மத் என்று ஒன்று, மயில் கழுத்து நிறத்தில் படிக்கட்டு படிக்கட்டாக இருக்கும். டங்ஸ்டன் என்று ஒன்று, சுண்டுவிரல் நீளம்தான், காலில் விழுந்தால் தெரியும் சேதி. காலியம் காரைக்கால் வெயிலுக்குத் தண்ணியாக உருகிவிடுமாம். அதனால் ஃபிரிட்ஜில், என் தோசை மாவுக்குப் பக்கத்தில் குடித்தனம்!

எங்களுடையது காதல் கல்யாணம். அவர் கடற்கரைக் குடும்பம், நாங்கள் நெடுங்காட்டுப் பக்கம் நெல் விவசாயம். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஒரு வருஷம் அப்பா என்னோடு பேசவே இல்லை. அந்த ஒரு வருஷம் அவர் குரல் கேட்காமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். கடைசியில் அம்மா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட வைத்தாள்.

போனோம்.

அப்பா வாசலில் நின்று, "வாங்க தம்பி" என்றார். 'மாப்ள' என்று சொல்லவில்லை. தம்பியாம் தம்பி… பேங்க்கில் க்யூவில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்கு அன்றைக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அது வராமல் வீடு திரும்பக் கூடாது என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன்.

இலை போட்டார்கள். சாம்பார் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் மிளகும் பெருங்காயமும் மணக்க மணக்க அம்மா ரசத்தோடு வந்தாள்.

"என்னா பாத்திரம் அத்தை இது? வெள்ளி மாரி இருக்கு?"

"ஈயச்சொம்பு. இதுல வச்சாத்தான் ரசம் ரசமா இருக்கும்."

அவர் முகம் வெளிறிப்போனது. இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்துவிட்டார். அவர் வீட்டில் ஈயம் என்றால் வலையில் கட்டுகிற குண்டு. காரீயம். வயிற்றுக்குள் போனால் விஷம்.

என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். அலை இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்த மனுஷன்… அவர் கிசுகிசுத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"சுமதி, இது வெசம்! உங்க வூட்ல எல்லாரும் இன்னும் எப்புடி உசுரோட இருக்கீங்க?"

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

அப்பா நிதானமாகச் சோற்றை உருட்டினார். "தம்பி, வெசம் வைக்கிறதா இருந்தா ஒரு வருஷத்துக்கு முன்னாடியே வச்சிருப்பேன்ல?"

போச்சு, எல்லாம் போச்சு. என் கண்ணில் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. இவரானால் பாதிச் சாப்பாட்டில், எச்சில் கையோடு எழுந்துவிட்டார். இலையை விட்டு எழுந்தால் எங்கள் பக்கம் அதற்கு மேல் அவமரியாதை கிடையாது. நேராகப் போய் இடது கையால் தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். அதுவும் இன்னும் முடியாத இன்றைய தேதி. அப்பாவுக்கு அது தனிக் கோபம்.

சாவிக்கொத்து ஈயக்குண்டைத் தாளில் தேய்த்தார். பென்சில் கோடு மாதிரி கறுப்பாக விழுந்தது. "பாத்தீங்களா, இது காரீயம்." அப்புறம் சொம்பின் கழுத்தில் தாளைத் தேய்த்தார். ஒன்றும் விழவில்லை. திரும்பவும் தேய்த்தார். ம்ஹூம்.

முகமெல்லாம் பல்லாகிவிட்டது அவருக்கு.

"அத்தை! இது ஈயமே இல்ல! தகரம்! சுத்தமான தகரம்!"

ஈயச்சொம்பு செய்கிற, விஷமில்லாத வெள்ளீயத்துக்கு அவர் படித்த புத்தகத்தில் அதுதான் பேராம். அம்மாவுக்குத் தெரிந்த தகரம் எண்ணெய் டின்னும் மாட்டுக் கொட்டகைக் கூரையும்தான்.

"தகரமா? எம் பொறந்த வூட்டு சீருங்க இது! மொதல்ல வெசம்னாரு, இப்ப தகர டப்பாங்கிறாரே!"

"ஐயோ அத்தை, ஒசத்தியா சொல்றேன்! என்கிட்ட இந்த உலோகம் இல்லவே இல்ல. இதைக் கம்பியாக்கி வளைச்சா கரகரன்னு சத்தம் வரும், அழுவுற மாரி…"

"எம் பொண்ணு இங்க நிஜமாவே அழுதுகிட்டு ஒக்காந்திருக்கா, அது கேக்கல. சொம்பு அழுவுறதுதான் ஒங்களுக்குக் கேக்குதாக்கும்?"

திடீரென்று ஒரு சத்தம். அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டதோ என்று பயந்து திரும்பினேன். சிரிக்கிறார்! தலையில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"ஒக்காருங்க மாப்ள… ஏ, என்னா பாத்துகிட்டு நிக்கிற? மாப்ளைக்கு ரசத்த ஊத்து!"

அப்பாடா!

என் வீட்டுக்காரர் மூன்று டம்ளர் குடித்தார். நான் ரசம் சோற்றை அழுதுகொண்டே சாப்பிட்டேன், சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக அதற்கப்புறம் நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

இப்போது என் வீட்டில் ரசம் எவர்சில்வரில்தான் கொதிக்கிறது, அவசர அவசரமாக. அலமாரியில் பாட்டில் வைக்க இடமில்லை. அன்றைக்கு ஒரு வருஷம் அடிக்காத போன் இப்போது தினமும் காலையில் அடித்துவிடுகிறது. அப்பா போர்செட் மோட்டாரைப் பிரித்தாராம், உள்ளே பளபளவென்று என்னவோ இருக்கிறதாம், அது என்ன உலோகம் என்று உடனே கேட்டாக வேண்டும்.

"அப்பா, நான் சுமதி பேசுறேன்ப்பா" என்பேன், ஆசையாக.

"தெரியுதும்மா. போனை மாப்ளைகிட்ட குடு."