பெட்டியைப் படித்ததுபோல் நடித்தேன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். கையெழுத்துப் போடுவதோடு என் படிப்பு முடிந்தது.

பேத்தி, பாடம் படிக்க டேப்லெட் வேண்டும் என்றாள். வேங்கிக்கால் கடைக்கு நானே போய், இருபக்கமும் பொத்தான் வைத்துக் கெட்டியாக இருந்ததைக் காட்டினேன். "இதுல என்னென்ன பண்ணலாம்னு பெட்டியிலயே போட்டிருக்கு, படிச்சுப் பாருங்கம்மா" என்றார் கடைக்காரர். படிப்பதுபோல் பார்த்துவிட்டு, "பாடத்துக்கு ஆவும், குடுப்பா" என்றேன்.

அது கேம் ஆடும் மெஷின். பாடம் எதுவும் அதில் திறக்கவில்லை. "படிக்கக் கேட்டியா, ஆடக் கேட்டியா?" என்று மகன் அவள்மேல் கை ஓங்கினான். "நான்தாம்பா ஆயாவ இத வாங்கச் சொன்னேன்" என்றாள் பேத்தி. நான் வாயே திறக்கவில்லை.

இப்போதெல்லாம் கடையில், "எனக்குப் படிக்க வராதுங்க, படிச்சுச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். இந்தப் பத்திரிகையை மகன் வாசிப்பான், அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் பேத்திதான். "எங்க, படிம்மா. ஆயாவுக்காக எதையும் மாத்தியிருக்கக் கூடாது."