இருபத்தைந்து அடிக்குக் கீழே

இயந்திரத்தைத் திருத்துகிறவனுக்குக் கையில் எண்ணெய் மட்டும்தான் படும். அதைப் படிப்பிக்கிறவன் தலையில் எது வந்து விழும் என்று சொல்ல முடியாது. கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை வறண்ட அத்தனை பேருக்கும் இது விளங்கும். சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம், சின்ன எஞ்சின்களைப் பற்றி வகுப்பு எடுக்க என்னை வவுனியாவிலிருந்து மல்லாவிக்குக் கூப்பிட்டார்கள். கமக்காரர், கடற்றொழிலாளர் என்று பதினெட்டுப் பேர். நான் திடுக்கிட்ட கதைகளை மட்டும் சொல்கிறேன். திடுக்கிடாத நாட்கள் குறைவு.

நாலு நிறச் சோக்கு

முதல் இரண்டு கிழமையும் பாடப்புத்தகத்தை அப்படியே கரும்பலகைக்கு மாற்றினேன். உறிஞ்சலடிப்பு, நெருக்கலடிப்பு, வலுவடிப்பு, வெளியேற்றலடிப்பு. எஞ்சினின் இந்த நாலு அடிப்புக்கும் நாலு நிறம். சோதனை வைத்தேன், எல்லோரும் எண்பதுக்கு மேல். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு தண்ணீர் இறைப்பு மெசினை மேசையில் தூக்கி வைத்து, "வெளியேற்றல் எதுக்குள்ளால நடக்குது, தொட்டுக் காட்டுங்கோ" என்றேன். சோதனையில் முதலாவதாக வந்த யோகநாதன் எழுந்தார். அக்கராயனில் மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். மெசினை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு எண்ணெய்த் தாங்கியைத் தொட்டார். "இதுதான் சைலென்சர், இதுக்குள்ளாலதான் புகை போறது" என்று விரலால் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினேன். யோகநாதன் கொப்பியை மூடியபடி சொன்னார்: "பாடம் விளங்கினது, மாஸ்ரர். மெசின்தான் விளங்கேல்லை."

சட்டைப்பைக்குள் மருந்து

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மரியதாஸ் ஒருநாள் புத்தம் புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு முகில் புகை. தாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்! சட்டைப்பையில் ஒரு குட்டிப் பிளாஸ்ரிக் போத்தல். அதற்குள் கொஞ்சம் பெற்றோல்.

பெற்றோலுக்குத் தடை இருந்த சண்டைக் காலத்தில் வன்னியில் எல்லா எஞ்சினும் இப்படித்தான் ஓடியது. காபரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணுவது, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது. அது கெட்டித்தனம்தான். ஆனால் இப்போது றோட்டோரம் பெற்றோல் தாராளமாக விற்கிறார்களே! "புதுச் சைக்கிளுக்கு ஏனப்பா இந்தக் கொடுமை?" என்று கத்தியே விட்டேன். மரியதாஸ் என்னை இரக்கத்தோடு பார்த்தார்: "பெற்றோல் மருந்தெல்லோ, மாஸ்ரர். மருந்தை ஆரும் சோறு மாதிரித் தின்னுவினமே?"

கைதட்டு

அன்றோடு புத்தகத்தைத் தூக்கிப் போட்டேன். வகுப்பைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், வாளித் தண்ணீருக்குள் உள்ளே தெரிகிற ஒரு குழாயை விட்டு, மறு நுனியை வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினேன். "மெசின் தண்ணியை இழுக்கிறேல்லை. குழாய்க்குள்ள இருக்கிற காத்தை மட்டும் எடுக்குது. வெளிக்காத்து அமத்தித்தான் தண்ணி ஏறுது. அந்தக் காத்தின்ர பலம் இருபத்தைஞ்சு அடிக்குத்தான் காணும். அதுக்குக் கீழ எண்டால் எந்தப் பெரிய மெசினும் சும்மாதான் கத்தும்."

யோகநாதன் துள்ளி எழுந்தார். ஆவணியில் அவருடைய கிணற்றில் தண்ணீர் முப்பது அடிக்குக் கீழே போய்விடும். போன வருடம் பாதி மிளகாய் கருகியது. பெரிய மெசின் கொண்டுவந்தும் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. இந்த முறையும் கருகினால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதுதான் என்று இருந்தவர். "அப்ப மெசினைத் தண்ணிக்குக் கிட்ட இறக்கினாச் சரி!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பையே கைதட்டச் சொன்னேன். யோகநாதன் வெட்கத்தோடு கேட்டார்: "இவ்வளவு லேசான விசயத்தை ஏன் மாஸ்ரர் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனீங்கள்?"

கிணறு

அடுத்த திங்கட்கிழமை யோகநாதன் வகுப்புக்கு வரவில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று மரியதாஸ்தான் வந்து சொன்னார். விழுந்தடித்துக்கொண்டு போனேன்.

நடந்ததை அவருடைய மனைவி செல்வராணி சொன்னா. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இரண்டு பனங்குற்றிகளைக் குறுக்கே இறுக்கி, அதன்மேல் மெசினை இறக்கி, யோகநாதன் தானும் இறங்கி ஸ்ராட் பண்ணியிருக்கிறார். தண்ணீர் சீறிக்கொண்டு மேலே வந்தது. வாய்க்கால் கட்டிக்கொண்டு நின்ற செல்வராணி சந்தோசத்தில் கூப்பிட்டிருக்கிறா. பதில் இல்லை. ஓடிப்போய் எட்டிப் பார்த்தால் கிணறு நிறையப் புகை. மனுசன் குற்றியில் சரிந்து கிடக்கிறார். இறங்கப் போன பக்கத்துக் காணிக்காரரை மறித்து, யோகநாதனின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து எல்லோருமாக இழுத்து எடுத்திருக்கிறார்கள். கயிறு இல்லாவிட்டால்? சைலென்சரைத் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவன் நான்தானே!

உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. செல்வராணி எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. குரலில் கோபம் துளியும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "தண்ணி எப்பிடி மேல வாறதெண்டு வடிவாச் சொல்லித் தந்தனீங்களாம், மாஸ்ரர். கிணத்துக்குள்ள புகை எங்க போறதெண்டு சொல்லித் தரேல்லையோ?"

இப்போதெல்லாம் வகுப்பில் யாராவது "விளங்கீற்றுது" என்று சொன்னால் நான் கைதட்டுவதில்லை. அப்படிச் சொன்னவருடைய கிணற்றைப் பார்த்துவரச் சைக்கிளை எடுத்துவிடுகிறேன்.