அக்கா கொடுத்த வகுப்பு

நம்பினால் நம்புங்கள், கதை விடுகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். இது எனக்கு நடந்தது. இதைச் செய்தவள் என் கூடப் பிறந்த அக்கா. அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பிரார்த்தனைக் கூடத்தின் பின்னறையில் அக்கா மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். வேத வசனங்களை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருவாள். திடீரென்று ஒருநாள் கரகரத்த குரலில், "தொண்டை போயிடுச்சுடி. இனிமே நீ எடு. உன் பொண்ணையும் கூட்டிட்டுப் போ. கடைசி பெஞ்சுல உக்கார வை, படிப்பு தானா வரும்" என்றாள். ஆறு வயதாகியும் என் மகளுக்கு ஓர் எழுத்துகூட ஏறவில்லை. அக்காவை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இந்த மாதிரி வகுப்பில் ஒரு தொல்லை உண்டு. வசனமெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதனால் வசனத்தைப் பலகையில் எழுதி, கடைசிச் சொல்லிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் குச்சியை வைத்துக் கேட்பேன். குட்டு வெளிப்பட்டுவிடும்.

முதல் நாள். மாலை ஐந்தேகால். கடைசிச் சொல்லில் குச்சியை வைத்தேன். வாயாடிகள் எல்லாம் திருதிருவென்று விழித்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் அதைப் படித்தது. அங்கே என் மகள் மட்டும்தான் இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கு முந்தைய சொல். அதையும் படித்தது.

அடுத்ததற்குக் குச்சி இன்னும் போகவே இல்லை... குரல் வந்துவிட்டது.

மகளைப் பார்த்தேன். அவள் வாய் மூடியிருந்தது.

"யாரும்மா படிச்சது?"

"இவதான்." பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டினாள். "எனக்கும் சொல்லித் தராளாம்."

மற்ற பிள்ளைகள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது.

முன்னால் இருந்த சிறுமியிடம் குனிந்தேன். "அந்த பெஞ்சுல முன்னாடி யாரு உக்காருவா?"

"பழைய டீச்சரோட பொண்ணு. அவகூடத்தான் அது படிக்கும்."

பலகையை அழித்தேன்.

வெறும் பலகை...

குரல் நிற்கவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

போனில் பின்னால் அவள் மகள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது. ஏதோ காய்ச்சல் என்றுதான் எங்களிடம் அக்கா சொல்லியிருந்தாள்.

"வேற பிள்ளைங்களை எல்லாம் உக்கார வச்சுப் பார்த்துட்டேன்டி. அது என் பொண்ணை விட்டுப் போகல. நம்ம ரத்தம்தான் வேணுமாம்."

அக்காவின் குரல் கணீரென்று இருந்தது. தொண்டைக்கு ஒன்றுமே ஆகவில்லை. பாவி. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

நான் அந்த வகுப்புக்கு மறுபடி போகவில்லை. போகாமல் என்ன? உள்ளறையில் என் மகள் படித்துக்கொண்டேதான் இருக்கிறாள். கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்வரை. இரண்டு குரலில். சிரிப்பதில்லை.

நேற்று என் தம்பி போன் செய்தான். அவன் மகளுக்கு எழுத்தே ஏறவில்லையாம். "அக்கா, உன்கிட்ட அனுப்பட்டுமா?" என்றான்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.