சனிக்கிழமைப் புத்தகம்

மலாக்கா வெயிலில் கம்பளிச் சட்டை யாருக்கு என்று கேட்பீர்கள். கப்பலேறப் போகிற வெள்ளைக்காரர்களுக்குத்தான். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறதென்று ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்த காலத்தில், மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் சுல்தானா துரைமார் பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். மூவாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் காதர் மைதீனுக்கு டவுனில் ஜவுளிக்கடை. துரைசானிமார் கடையில் வந்து சொல்வார்கள். நூலும் அளவும் வீட்டுக்கு வரும். பின்னிய சட்டை கடைக்குப் போகும். வாசலைத் தாண்டாதது சுல்தானா மட்டும்தான்.

காதர் மைதீனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கை நீட்டாதவர், குரல் உயர்த்தாதவர். மீனோ பூவோ, கேட்டது வீடு தேடி வரும். "உனக்கு என்ன கொறச்சல் புள்ள?" என்று அவர் கேட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சொல்ல ஒன்றுமில்லாததே அவளுக்கு மூச்சை முட்டியது.

ஒருநாள் ஒரு துரைசானி மான் போட்ட சட்டை கேட்டாள். அந்த மான் டவுன் வாசகசாலையில் ஒரு பின்னல் புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகங்களை அலமாரியோடு நன்கொடையாகக் கொடுத்த சீமாட்டி ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: பின்னுகிற பெண்தான் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு எடுக்கலாம், வாரா வாரம் வந்து புதுப்பிக்க வேண்டும். தானே எடுத்துப்போகிறேன் என்று காதர் மைதீன் கெஞ்சிப் பார்த்தார். வாசகசாலையைப் பார்த்துக்கொண்ட தேவதாஸ் மசியவில்லை.

"சட்டம் அப்படி மொதலாளி. நா என்ன செய்யட்டும்?"

அந்தச் சட்டத்தைப் போட்ட சீமாட்டிக்கு சுல்தானா மனசுக்குள் ஆயிரம் துஆ செய்தாள். சனிக்கிழமைதோறும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெச்சா என்கிற மிதிரிக்‌ஷாவில் ஏறுவாள். ஆற்றுச் சேற்று வாடை, படகுக்காரர்களின் கூச்சல், கருவாட்டுக் கடை ஈ, எல்லாமே அவளுக்குத் திருவிழா. மான் சட்டை முடிந்தது. அடுத்து ரோஜா, அடுத்து கப்பல். எல்லாம் அதே புத்தகத்திலிருந்துதான். ஒரு வாரத்தில் முடிகிற வேலையை ஒரு மாதம் இழுத்தாள். கள்ளி!

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கட்டம் தெரியும். ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி, கறுப்புக் கட்டத்துக்குக் கறுப்பு நூல். எந்த வரிசையில் இருக்கிறோம் என்பது மறந்துபோகாமலிருக்க, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தாளில் குண்டூசியால் ஒரு குத்து. இரவல் புத்தகம் என்ற நினைப்பே வரவில்லை. ஒரு சனிக்கிழமை தேவதாஸ் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் அவளுக்குத் திக்கென்றது.

"என்னம்மா இது, இடியாப்பத் தட்டா?"

அவள் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க. ஐரோப்பாவுல அச்சு வந்து கொஞ்ச காலத்துலயே பொம்பளைங்களோட ஊசி வேலைக்குன்னு கட்டம் போட்ட புத்தகம் அடிச்சிட்டாங்க. அதுல இப்ப மிச்சம் ரொம்பக் கொஞ்சம். ஏன் தெரியுமா? உங்கள மாதிரியே குத்தி, வெட்டி, கிழியிற வரைக்கும் வெச்சிப் பின்னிட்டாங்க. பெரிய மனுசங்க படிக்காம அடுக்கி வெச்சதெல்லாம் பத்திரமா இருக்கு லா. இந்த மான்கூட அந்தக் காலத்துக் கட்டத்துல பொறந்ததா இருக்கும். ஒரு புத்தகத்துலேர்ந்து இன்னொன்னுக்குத் தாவித் தாவி மலாக்கா வந்து சேந்திருக்கு."

காகிதத்து மானுக்குக்கூட ஊர் சுற்றக் கொடுத்துவைத்திருக்கிறது என்று சுல்தானா நினைத்துக்கொண்டாள்.

"ஆனா கமிட்டி புத்தகங்கள சரிபாக்க வருது. மொதலாளிகிட்ட நானே பக்குவமா சொல்லிடுறேன்" என்றார் தேவதாஸ்.

அவ்வளவுதான், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகம் கெட்டதற்கு அவள் கவலைப்படவில்லை. சனிக்கிழமை போய்விடுமே என்றுதான் பதைத்தாள். கணவர் திட்டினால் என்ன பதில் சொல்வது என்று அடுப்படியில் ஒத்திகை பார்த்தாள். போகக் கூடாது என்றால் அழுவாள், பட்டினி கிடப்பாள், மூவாரிலிருந்து வாப்பாவையே வரச் சொல்லுவாள். விடுவதாக இல்லை.

காதர் மைதீன் சாயங்காலம் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவளுக்கு உயிர் திரும்பியது. பிரித்துப் பார்த்தாள். அதே புத்தகம், குண்டூசி ஓட்டைகளோடு.

"இனி இது ஒனக்கே சொந்தம். எத்தன ஓட்ட வேணுன்னாலும் போடு. வாசகசாலைக்குப் புதுசு வாங்கக் காசு கட்டிட்டேன். சிங்கப்பூர்ல சொல்லியிருக்கேன், ஒனக்கு இன்னும் நாலு புத்தகம் வருது" என்றார். வேட்டி நுனியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பாவம், வாரா வாரம் வெயில்ல அலஞ்சே. அந்தத் தொல்ல விட்டுச்சு."

சேர்த்துவைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. திட்டியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். அன்போடு எப்படிச் சண்டை போடுவது?

"அப்ப... சனிக்கிழம கையெழுத்துப் போடப் போக வேணாமா?"

"சொந்தப் புத்தகத்துக்கு யாருகிட்ட கையெழுத்துப் போடுவே?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, பரிசு கொடுத்தவர் காத்திருப்பதுபோல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சந்தோசந்தானே புள்ள?"

"சந்தோசந்தாங்க" என்றாள் சுல்தானா.