மூன்று வேளைத் திட்டு

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லோரும் குடைக்காரர் மனைவியைப் பற்றி ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்: பொல்லாத வாய்க்காரி. காலை, மதியம், ராத்திரி என்று வேளை தவறாமல், சாப்பாட்டு நேரம் வந்தால் அந்த வீட்டிலிருந்து திட்டுக் கிளம்பிவிடும். அதுவும் யாரை? புருஷனின் தம்பியை. பாவம், புத்தி பேதலித்த மனுஷனைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து இப்படியா கரித்துக் கொட்டுவது என்று தெருவே உச்சுக் கொட்டியது. உச்சுக் கொட்டியவர்களில் ஒருவராவது ஒரு வேளை வந்து அந்த ஆளைச் சாப்பிட வைத்துக் காட்டியிருந்தால், அவள் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள்.

கொழுந்தன் ஒன்றும் பிறக்கும்போதே அப்படி இல்லை. வீட்டின் முன்னறைதான் குடைப் பட்டறை. கறுப்புத் துணியை முக்கோணமாக வெட்டுவது அண்ணன் வேலை, துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கம்பியில் கட்டுவது தம்பி வேலை. அவன் தைத்த குடையில் ஒரு சொட்டு ஒழுகாது. அப்படிப்பட்டவன் ஒரு மழைக்காலத்தில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பாட்டுல ஏதோ கலக்குறாங்க அண்ணி" என்றான். யார் என்றால் எல்லோரும்தான். முக்கியமாகப் பக்கத்து வீட்டு டீச்சர். அந்த அம்மாள் எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள் என்று சொன்னால், "அதான் யாரும் சந்தேகப்படலை" என்பான்.

அப்போது இதற்கெல்லாம் ஏது மாத்திரை? வாய் இருந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். தலையை மொட்டையடித்துக் குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினார்கள். சளி பிடித்ததுதான் மிச்சம். கட்டிப் போட்டு நாலு போடு போட்டால் தெளியும் என்றார் ஒருவர். கல்யாணம் பண்ணி வைத்தால் தானாகச் சரியாகும் என்றார் குடைத்துணி கொண்டு வருகிற வியாபாரி.

"நீங்க பொண்ணு குடுக்குறீங்களா?" என்று அவள் கேட்டாள். அதன் பிறகு அவர் துணி மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவன் கொழுந்தனேதான். தன் தட்டிலிருந்து அண்ணி முதல் வாய் சாப்பிட வேண்டும். ஓரத்தில் இருந்து எடுக்கக் கூடாது, நடுவில் இருந்து எடுக்க வேண்டும். சாப்பிட்டதும் பேச வேண்டும். ஏனென்றால், அவன் கணக்குப்படி விஷம் முதலில் நாக்கைத்தான் பிடிக்கும்.

"பேசுங்க அண்ணி."

"என்னத்தைப் பேச? அடுப்புல வேலை அப்படியே கிடக்கு. உங்களுக்குச் சோறு போட்டே என் ஆயுசு கரைஞ்சிடும் போலிருக்கு. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே..."

தையல் நேராகப் போகிறதா என்று பார்ப்பவனைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவள் மூச்சு வாங்கியதும், "சரி, நாக்கு நல்லாத்தான் இருக்கு" என்று தட்டை இழுத்து வைத்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டான். அன்றைக்குப் பிடித்தது வினை. அவளுக்கோ அந்த நேரத்தில் வாயில் வருவது திட்டு ஒன்றுதான். அதுவே மூன்று வேளையும் வழக்கமாகிவிட்டது.

புருஷனை அனுப்பிப் பார்க்காமல் இல்லை. அவர் நாள் முழுக்க உதட்டில் நூலைக் கவ்வியபடி வேலை செய்கிறவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். தம்பி தட்டில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டு, யோசித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான், தட்டு சுவரில் போய் விழுந்தது.

"அண்ணன் சாப்பாட்டை நல்லாருக்குன்னு சொல்லவே மாட்டாரு. விஷம் தலைக்கு ஏறிடுச்சு!"

தங்கையின் பிரசவத்துக்குக்கூட அவளால் போய் நாலு நாள் இருக்க முடியவில்லை. போனவளை, தம்பி பட்டினியாகக் கிடக்கிறான் என்று ஆள் விட்டுத் திரும்ப அழைத்தார்கள். பிள்ளையின் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை காலத்துக்குத்தான் ஒரே ஆளைத் திட்டுவது? சரக்குத் தீர்ந்துபோன நாட்களில் மழையைத் திட்டினாள், ஈர விறகைத் திட்டினாள். அதிலும் அவன் குற்றம் கண்டுபிடிப்பான். "இது நேத்துத் திட்டினது அண்ணி. புதுசாச் சொல்லுங்க." தலையில் அடித்துக்கொள்ளத்தான் அவளுக்குக் கை இருந்தது.

இந்த லட்சணத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் நல்ல மனுஷர், மறைக்கவில்லை. "இதுக்குன்னு மருந்து எதுவும் கிடையாதும்மா. இது சும்மா தூங்க வைக்கும். இதுக்கும் அடங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிதான்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்.

மருந்தானால் என்ன, சோறானால் என்ன, முதல் வாய் அண்ணிதான். அவள் ஒரு கரண்டி மருந்தை விழுங்கிவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். முந்தின நாளெல்லாம் துணி துவைத்த அலுப்பு, காலையிலிருந்து வெறும் வயிறு. பாதித் திட்டில் நாக்குக் குழறியது. "எனக்குன்னு வந்து வாய்..." என்றவள் சுவரில் சாய்ந்தாள். அடுப்பில் சோறு கரிந்தது. கொழுந்தன் தெருவில் இறங்கி, "அண்ணியைக் கொன்னுட்டாங்க" என்று அலறிக்கொண்டு ஓடினான். அவள் கண் விழித்தபோது வீடு முழுக்கக் கூட்டம். டீச்சர் விசிறிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அவன் சாப்பிடாதது மட்டுமில்லை, அவளையும் சாப்பிட விடவில்லை. அவள் கையில் தட்டைப் பார்த்தாலே, "வேண்டாம் அண்ணி, போன தடவை பொழைச்சதே பெரிசு" என்று பிடுங்கி எறிந்தான். தன் வீட்டில் தான் சமைத்த சோற்றை, கொல்லைப்பக்கம் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும்படி ஆனது அவள் பிழைப்பு. அவனோ குடையை மல்லாத்தி வைத்து அதில் விழும் மழைத் தண்ணீரைக் குடித்தான். விலா எலும்பு தெரிந்தது.

"ஒண்ணு அவர் போகணும், இல்லை நான் போகணும்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். உயரமான சுவராம். இடம் இருக்கிறதாம். சாப்பிட மறுத்தால் கையைக் காலைக் கட்டி மூக்கு வழியாகக் குழாய் விடுவார்களாம்.

"விடட்டும். குழாய்க்குத் திட்டத் தெரிய வேண்டியதில்லை" என்றாள். சொன்னபின் அவளுக்கே அது கொடூரமாகப் பட்டது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு மனுஷி எவ்வளவுதான் தாங்குவாள்?

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வர வேண்டிய காலையில் அவளுக்கு உடம்பு அனலாய்க் காய்ந்தது. ஒளிந்து தின்ற உடம்புதானே, எத்தனை நாள் தாங்கும்? புருஷன் வண்டி கொண்டுவரப் போயிருந்தார். பட்டறைப் பாயில், குடைக்கம்பிகளுக்கு நடுவே அவள் சுருண்டு கிடந்தாள். தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. கொழுந்தன் மூலையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு வந்தாள்.

"தம்பி, உங்க அண்ணி நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடலை. இப்படியே விட்டா தாங்காது."

அவன் எழுந்து கிண்ணத்தைக் கையில் வாங்கினான். போச்சு, இதுவும் சுவரில்தான் என்று அவள் நினைத்தாள். எழுந்து தடுக்கத் தெம்பில்லை. அவன் கஞ்சியைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், பாயில் கிடந்தவளைப் பார்த்தான். பிறகு நடுவில் இருந்து ஒரு கரண்டி எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

மற்றவர்களுக்கு அது வெறும் கஞ்சி. அவனுக்கு அது டீச்சர் கையால் வந்த விஷம். அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அவன் காத்திருந்தான். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தான். வாழ்நாளில் யாரையும் ஒரு சுடுசொல் சொல்லாதவன், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்:

"எழுந்திரிங்க. உங்களுக்குச் சோறு போட்டே என் ஆயுசு கரைஞ்சிடும் போலிருக்கு. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே. இந்த மழையும் விட்டுத் தொலைய மாட்டேங்குது, விறகும் எரிஞ்சு தொலைய மாட்டேங்குது..." ஒரு வார்த்தை பிசகவில்லை. அத்தனை வருஷத் திட்டையும் அவன் பத்திரமாக வைத்திருந்தான். மூச்சு வாங்கியதும் கரண்டியை அவள் வாயருகே கொண்டுவந்தான். "நாக்கு நல்லாத்தான் இருக்கு. குடிங்க அண்ணி."

அவள் குடித்தாள். கண்ணில் இருந்து வழிந்ததும் கஞ்சியோடு சேர்ந்து உள்ளே போனது. சனியன், இனி இவரை எப்படி அனுப்புவது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் அடுத்த கரண்டியையும் முதலில் தான் விழுங்கிவிட்டு மறுபடி திட்டத் தொடங்கினான்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. புருஷன் உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வண்டி வந்து நிக்குது" என்றார் மெதுவாக.

வராத குரலை வரவழைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "திருப்பி அனுப்பிடுங்க. அவர் இன்னும் திட்டி முடிக்கலை."