நீலச் சிறகன் செய்த துரோகம்

இன்று காலை அத்தையோடு உட்கார்ந்து காய்ந்த நெத்திலியின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். விரலில் உப்பு வாடை ஏறியதும் நீலச் சிறகன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

எண்பதுகளில், ஜார்ஜ்டவுன் வாடகை வீட்டில், ஞாயிறுதோறும் ஒரு கார்ட்டூன் ஓடும். வானக் கோட்டையைக் காக்கும் சிறகு மனிதர்களின் கதை. பேச்சு ஆங்கிலம், கீழே ஓடும் எழுத்து மலாய். இரண்டுமே தெரியாத அத்தைக்கு நான்தான் தமிழில் சொல்வேன். டிவி முன்னால் பேப்பரை விரித்து, நெத்திலித் தலையை அதிலும் உடலைக் கிண்ணத்திலும் போட்டபடியே அத்தை பார்ப்பார். நீலச் சிறகன் அவருடைய செல்லம். "நம்ம தம்பி வந்துட்டான் பாரு!" என்பார்.

ஒரு வாரம் அந்தத் தம்பியே எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். கூட்டாளிகளைச் சங்கிலியில் கட்டினார்கள்.

"என்னடி சொல்றான்?"

'இனி நான் உங்கள் ஆள்' என்று எதிரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதை அப்படியே சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"சும்மா நடிக்கிறான் அத்தே. எல்லாரையும் காப்பாத்த பிளான்லா."

அத்தை தலையாட்டினார். அன்று மதியம் மிளகாய்ச் சம்பலில் ஏகப்பட்ட நெத்திலித் தலைகள். அப்பா சத்தம் போட்டார்.

இத்தனை வருடம் கழித்து இன்றுதான் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்லா," என்றார், கிள்ளுவதை நிறுத்தாமல். "சங்கிலில கெடந்தவனுங்க மூஞ்சப் பாத்தா தெரியாதா? நீ அழுதுடுவ போல இருந்துச்சி. அதான் நம்புன மாதிரி நடிச்சேன்."