சோப்பு அக்காவின் பிற்பகல்கள்

வாஷிங் மெஷினைத் திறக்கும் முன் அக்கா அதன் வட்டக் கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார், ஆள் குடியிருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. பிறகு குனிந்து உள்ளே தலையை விட்டுப் பார்ப்பார். முன்னால் துவைத்துவிட்டுப் போனவரின் ஒற்றைச் சாக்ஸ் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் உரித்தெடுத்து, பிழிந்து, ஜன்னல் கம்பியில் மாட்டுவார். "அநாதையா விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க, தடியன்" என்பார். அதன் பிறகுதான் தன் கூடையைக் கவிழ்ப்பார். கணவரின் சட்டைகள், தலையணை உறைகள், சமையலறைத் துணிகள். அவற்றில் பாதிக்குமேல் அழுக்கே ஆகாதவை.

கல்லூரி விடுதியின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த லாண்டரி அறை. ஒரே ஒரு நீள ஜன்னல், அதுவும் தெரு மட்டத்தில். நடந்துபோகிறவர்களின் கால்கள் மட்டும் அதில் தெரியும். முகம் இல்லாத அவசரங்கள். உள்ளே வெதுவெதுப்பான காற்று, சோப்பு மணம், எல்லா மெஷின்களும் சேர்ந்து போடும் ஒரே சீரான உறுமல். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிடும். கண்ணாடிகளுக்குப் பின்னால் சிவப்பும் நீலமும் மீன்களைப்போல மேலே வந்து, புரண்டு, கீழே போகும். தூங்கவும் தோன்றாது, விழித்திருக்கவும் தோன்றாது.

வெளியாட்களும் அங்கே துவைக்கலாம். அறிவிப்பே ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் வேறு தேசத்திலிருந்து வந்த எனக்கு, யாராவது வந்து "நீங்க யாரு?" என்று கேட்டுவிடுவார்கள் என்ற உதறல் ஒவ்வொரு முறையும் இருக்கும். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் படியிறங்குவேன். எங்கள் வீட்டு மெஷின் ஒழுக ஆரம்பித்த நாளில் "இங்க வாங்க தம்பி, நான் இருக்கேன்ல" என்று கூட்டிப்போனவர் அவர்தான். அவர் வீட்டில் நல்ல மெஷின் இருக்கிறது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது என்று ஒன்றை வீட்டில் இருக்கவே விடமாட்டார். "புது பெல்ட் மாட்டி வெச்சிருக்கேன், அது சும்மா கிடக்குது. இவ துணியத் தூக்கிட்டு ஊர்வலம் போறா" என்று எங்கள் தேவாலயச் சபையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா எங்கள் சபையின் மாணவர் ஊழியர். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் ஊழியம் செய்ய அவரை நியமித்தபோது தேவாலயத்தின் பக்கவாட்டில் ஓர் அறையும் ஒதுக்கினார்கள். சோபா, கித்தார், சுவரில் வசனம், காபி மெஷின், எதற்கும் குறைவில்லை. வந்தவர்கள்தான் எப்போதும் அதே ஆட்கள். "கூப்பிடாமலே பரலோகம் போற பிள்ளைங்க தம்பி அதுங்க. நான் நடுவுல எதுக்கு?" என்று கேட்பார். அப்போதுதான் அவர் வீட்டு மெஷின் நிஜமாகவே பழுதாகியிருக்கிறது. கூடையோடு விடுதிக்குப் போனார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், துணி சுற்றத் தொடங்கியதும் தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, துணி நிற்கும்வரை பேசியிருக்கிறான். அக்காவின் பெயரைக்கூட அவன் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவருடைய ஊழியம் பிற்பகல்களில் அங்கேதான். அதற்கு அவர் சொல்லும் காரணம் எளிமையானது. "மூஞ்சிக்கு நேரா உட்கார்ந்து 'எப்படிம்மா இருக்க'ன்னு கேட்டா, 'நல்லா இருக்கேன்'னு சொல்லிட்டுப் போயிடும். இங்க ரெண்டு பேரும் துணியப் பார்த்துட்டு இருக்கோம். யாரும் யாரையும் பார்க்கல. துணி முடியற வரைக்கும் ஓடவும் முடியாது."

ஆன்ட்டி என்று கூப்பிட்டால் திருத்துவார். "ஆன்ட்டின்னா அடுத்த வாரமே உங்கம்மாகிட்ட போன்ல பேசிடுவேன்னு தோணும். அக்கான்னு சொல்லு." துவைக்க வந்துவிட்டுச் சோப்புத்தூள் மறந்தவர்களுக்காக எப்போதும் ஒரு டப்பா வைத்திருப்பதால் சோப்பு அக்கா ஆனார். "இன்னைக்கு ரொம்ப இளமையா தெரியறீங்கக்கா" என்று எவனாவது இழுத்தால், "டப்பா அங்க இருக்கு, எடுத்துக்க. எனக்குப் போடாத" என்பார் திரும்பாமலே.

பிள்ளைகளின் பெயர்கள் அவருக்கு மனதில் நிற்பதில்லை, துணிகள் நிற்கும். பச்சைப் போர்வை, புலிப் படம் போட்ட பனியன், மஞ்சள் துண்டு என்றுதான் சொல்வார். வேதாகமம் கூடையின் அடியில், நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். கேட்டால் ஒழிய எடுக்கமாட்டார். ஜெபிக்கும்போது கண்ணை மூடமாட்டார். "மூடினா அவங்க எழுந்து போனதே தெரியாது தம்பி. ஒரு தடவ ஆமென் சொல்லிட்டுப் பார்த்தா, யாருமே இல்ல. நானும் ட்ரையரும்தான்."

ஒருநாள் புலி பனியன்காரன், தலையைச் சுவரில் சாய்த்தபடி, கனவில் பேசுகிறவனைப்போலக் கேட்டான்: "அக்கா, கடவுள் இருக்காருன்னு நிஜமாவே நம்புறீங்களா, இல்ல சம்பளத்துக்குச் சொல்றீங்களா?"

"என் சம்பளம் தெரிஞ்சா இந்தக் கேள்விய நீ கேட்டிருக்கமாட்ட."

அவன் சிரித்தான். மெஷின் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளி மறுபடி நிரப்பிக்கொண்டது. அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "சில நாள் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்குடா. சில நாள் துணி மட்டும்தான் சுத்துது." அவன் அடுத்த வாரமும் வந்தான், துவைக்க ஒரே ஒரு பனியனோடு.

சபைக் கூட்டங்களில் போதகர் கேட்பார்: "சிஸ்டர், இத்தனை பிள்ளைகளோடு பேசறீங்க, சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வந்தாங்க?"

"துணி காயணும்ல ஐயா" என்பார்.

இந்த மனுஷிதான் மஞ்சள் துண்டின் விஷயத்தில் சறுக்கினார்.

மஞ்சள் துண்டு மருத்துவம் படிக்கிற பெண். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரே மகள். அவளுடைய சித்தி எங்கள் சபையில்தான். வகுப்புக்குப் போவதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகியிருந்தன. படிப்பை விட்டுவிட வேண்டும், அல்லது தன்னையே எங்காவது விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்றிருக்கிறது அவளுக்கு. வீட்டில் யாருக்கும் தெரியாது. நடக்கும்போது தன் கால்கள் தனக்குப் பின்னாலேயே வருவதுபோல இருக்கிறது என்று ஒருமுறை அக்காவிடம் சொன்னாளாம். அப்படிப்பட்டவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். "ஜெபம் பண்ணிக்கோங்கக்கா" என்று அவளே கேட்டாள்.

எங்கள் சபையில் புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டம். தொடங்கும்போது ஜெபக் குறிப்பு கேட்பார்கள், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கையுயர்த்திச் சொல்லலாம். பாரத்தோடு போயிருந்த அக்கா எழுந்து நின்று, "படிப்ப விட்டுடலாமான்னு தவிக்கிற ஒரு மகளுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றார். அவ்வளவுதான். பெயர் இல்லை, கல்லூரி இல்லை. ஜெபிக்கும்போது அவருக்குக் கொஞ்சம் கண்ணீரும் வந்துவிட்டது.

என் மனைவி அன்று வீட்டுக்கு வந்து கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டாள்: "அந்த மெடிக்கல் படிக்கிற பொண்ணுதானே?" அந்த விடுதியில் சபைக் குடும்பத்துப் பெண் அவள் ஒருத்திதான்; கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். சித்தியும் போட்டார். சித்தியிடமிருந்து ஊருக்குப் போன் போனது. ஊரிலிருந்து மகளுக்கு அம்மாவின் போன்: "சபையே உனக்காக முழங்கால்ல நிக்குதாம். பெத்தவ எனக்கு மட்டும்தான் தெரியல."

மஞ்சள் துண்டு மறுநாள் துணி இல்லாமல் வந்தாள். அக்கா எழுந்திருக்கும் முன்பே சொன்னாளாம்: "கடவுள்கிட்ட சொல்வீங்கன்னு நினைச்சேன்." திரும்பிப் படியேறிவிட்டாள்.

போதகரின் மனைவி அக்காவைத் தேற்றினார். "நீங்க பேர் சொல்லலையே சிஸ்டர்."

"பேர் மட்டும்தான் சொல்லல" என்றார் அக்கா.

அதன் பிறகு புதன்கிழமைக் கூட்டத்தில் அவர் கையுயர்த்துவதில்லை. மற்ற மாற்றங்கள் லாண்டரி அறையில்தான் தெரிந்தன. முன்பு துணி போட்டதும் ஏதாவது கேட்டு வம்புக்கிழுப்பவர், இப்போது கேட்பதே இல்லை. யாராவது பேசி முடித்தால், "இத அவர்கிட்ட சொல்லட்டுமா?" என்று மேலே கண்காட்டிக் கேட்பார். ஒரு பையன் யோசித்துவிட்டு, "பாதி சொல்லுங்க" என்றான். சரி என்று தலையாட்டினார். எந்தப் பாதி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மஞ்சள் துண்டின் அறைக்கு அவர் போகவில்லை. போனால் அவளுக்கு இருக்கும் கடைசி இடத்தையும் பிடுங்கியதாகிவிடும் என்று நினைத்தார். ஆனால் தினமும் வந்தார். துவைத்ததையே கொண்டுவந்து துவைத்தார். "எங்க வீட்டுல என் சட்டை எல்லாம் ஒரே கலர் ஆயிடுச்சு தம்பி. அது என்ன கலர்னு எனக்கே தெரியல" என்றார் லிஃப்ட் மெக்கானிக் என்னிடம். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

அவளுடைய அறைத்தோழி ஒருத்தி மூலமாகத் தகவல் வந்தபடி இருந்தது. திரைச்சீலையைத் திறப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் "எல்லாம் சரியாயிடுச்சும்மா, கிளாஸுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள். அக்கா இதைச் சொன்னபோது கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதன் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். "என் மேல கோவமா இருந்தா பரவால்ல தம்பி. கோவம்னா ஆள் இருக்குன்னு அர்த்தம். இவ யார்கிட்டயுமே பேசல. இருந்த ஒரு வாயையும் நான் மூடிட்டேன்."

எதிரே என் துணிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

போன வாரம் ஒரு பிற்பகல். வெளியே மழை வரப்போகிற வெளிச்சம். ஜன்னலில் கால்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. ட்ரையருக்குள் என் சட்டைகள் அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தன. அக்காவும் நானும் மட்டும். அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். படியில் காலடி கேட்டதும் கண்ணைத் திறக்காமலே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள்தான். பெரிய பை ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். வாரக்கணக்கில் சேர்ந்த துணி. தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் என்பது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்க வேண்டும்.

"மெஷின் காலியா இருக்கா?" என்று கேட்டாள். எல்லா மெஷின்களும் வாயைத் திறந்துகொண்டு காலியாகத்தான் இருந்தன.

"இருக்கு" என்றார் அக்கா.

எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொள்வார், அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்றெல்லாம் எனக்குள் ஓடியது. அவர் அசையவில்லை. டப்பாவை மட்டும் காலால் மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். அவள் துணிகளை அள்ளி உள்ளே போட்டாள். கதவைச் சாத்தினாள். நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் ஏறியது. துணிகள் ஒருமுறை தயங்கி, பிறகு சுற்றத் தொடங்கின. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அறை மெல்ல எங்கேயோ மிதந்து போவதுபோல இருந்தது.

"அக்கா."

"ம்."

"நாளைக்கு அம்மாவும் அப்பாவும் வர்றாங்க."

"ம்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இது..." அவள் நிறுத்தினாள். அவள் பார்வை என் பக்கம் வந்து, உடனே கண்ணாடிக்குத் திரும்பிவிட்டது.

எழுந்து போய்விடலாம் என்று எனக்கும் தோன்றியது. போனால் எல்லாம் தெரிந்தவன்போல ஆகிவிடுமோ, துணியைப் பாதியில் விட்டுப் போனால் விசித்திரமாக இருக்குமோ என்று உட்கார்ந்த இடத்திலேயே தவித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்தார். ஓடிக்கொண்டிருந்த என் ட்ரையரின் கதவை இழுத்துத் திறந்தார். உருளை முனகிக்கொண்டு நின்றது. வெளியே சூடும் ஈரமும் ஆவியாக வந்து அவர் முகத்தில் மோதின. உள்ளே கைவிட்டு, பாதி காய்ந்த என் சட்டைகளை அணைத்து அள்ளி, என் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடினார். அந்தக் கதகதப்பான ஈரப் பையை என் மார்போடு சேர்த்து வைத்து, போய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.